எஸ்.ஏ.ரி. ஆங்கில இலக்கணம்: காதா, புத்தகமா, வினா வங்கியா, வகுப்பா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தமிழ் மொழிமூலம் படித்துக்கொண்டே அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க, அதற்கான எஸ்.ஏ.ரி. (SAT) பரீட்சையை எழுத நினைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். "கணிதத்தைச் சமாளிப்போம். ஆங்கில இலக்கணக் கேள்விக்கு என்ன செய்வது? நிறைய வாசிப்பதா, இலக்கணப் புத்தகம் ஒன்றை முதலிலிருந்து படிப்பதா, கேள்விகளைச் செய்துகொண்டே போவதா, யாராவது ஒரு சேரிடம் போவதா?"

நான்கையும் ஒன்றாகச் செய்ய ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பிள்ளைக்கு நேரம் கிடையாது. ஒன்றை முதன்மையாக எடுக்கத்தான் வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு, பரீட்சைக்கு ஆறேழு மாதம் இருக்கும்போது, வினா வங்கி வழிதான், அதாவது பழைய கேள்விகளைச் செய்து பிழைகளிலிருந்து படிப்பதுதான், பொருந்தும். ஆனால் எல்லோருடைய நிலைமையும் ஒன்றல்ல. மற்ற மூன்றும் சரியாக வரும் இடங்களும் இருக்கின்றன.

## பரீட்சை எதைக் கேட்கிறது

2023 மார்ச்சிலிருந்து அமெரிக்காவுக்கு வெளியே எஸ்.ஏ.ரி. கணினியில்தான் நடக்கிறது. வாசிப்பும் எழுத்தும் ஒரு பகுதி, கணிதம் மற்றப் பகுதி. முதற்பகுதியில் 54 கேள்விகள், 64 நிமிடம். அது 27 கேள்விகள் கொண்ட இரண்டு கூறுகளாக வரும், ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடம். முதற் கூறை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாம் கூறு கடினமாக வருமா, இலகுவாக வருமா என்பது தீர்மானமாகும். பிழைக்குப் புள்ளி வெட்டுவதில்லை.

அந்த 54இல் 11 முதல் 15 வரை இலக்கணக் கேள்விகள். ஒரு சிறு பந்தி, அதில் ஒரு வெற்றிடம், நான்கு விடைகள். கேட்கும் இலக்கணமோ மிகக் குறுகியது. வாக்கியம் எங்கே முடிகிறது, இரண்டு வாக்கியங்களை எந்தக் குறியால் இணைக்கலாம், நடுவில் செருகிய தகவலை எப்படி அடைப்பது என்பது ஒரு கூட்டம். எழுவாயும் பயனிலையும் எண்ணில் பொருந்துகின்றனவா, வினை முற்றா எச்சமா, காலம் சரியா, பிரதிப்பெயர் எதைச் சுட்டுகிறது, அடைமொழி யாருக்குச் சேருகிறது, உடைமைக் குறி எங்கே வரும் என்பது மற்றக் கூட்டம். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பயந்து பயந்து படித்த முன்னிடைச் சொற்கள், 'எ', 'த' போடும் இடங்கள், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்குவது, நேர்கூற்றை அயற்கூற்றாக்குவது எதுவும் இங்கே தனிக் கேள்வியாக வராது.

## எதை வைத்து அளப்பது

முதலாவது அளவுகோல், அந்த வழி கடினமான கேள்வியில் நிற்குமா என்பது. இலகுவான கேள்வியை எந்த வழியிலும் செய்யலாம். முதற் கூறை நன்றாகச் செய்த பிள்ளைக்கு இரண்டாம் கூறில் வரப்போவது பொறிவைத்த கேள்விகள். அங்கே வழி கைவிட்டால் அதனால் பயனில்லை.

இரண்டாவது நேரம். 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் ஏ.எல். பரீட்சை நவம்பரில் தொடங்கியது. எஸ்.ஏ.ரி. நடக்கும் மாதங்களில் நவம்பரும் டிசம்பரும் இருந்தாலும், ஏ.எல். நவம்பரில் வரும் ஆண்டுகளில் அவை நமக்கு உதவாது. ஓகஸ்ட், ஒக்டோபர், அல்லது அதற்கு முந்திய மார்ச், மே, ஜூன் மாதங்களைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பணம். பரீட்சைக் கட்டணமே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு 100 டொலருக்கு மேல். பெரும்பாலும் கொழும்புக்குப் போய், முதல்நாள் இரவு தங்கி, காலையில் எழுத வேண்டும். துணைக்கு அம்மாவோ அப்பாவோ வந்தால் அவர்களுடைய ஒருநாள் உழைப்பும் போகும். இரண்டாம் தடவை எழுதுவது இங்கே பல வீடுகளில் நடக்காத காரியம்.

நான்காவது கருவியும் சிக்னலும். பரீட்சைக்கான புளூபுக் செயலி விண்டோஸ் அல்லது மக் கணினியிலும் ஐபாடிலும் ஓடும், அன்ட்ரொயிட் போனில் ஓடாது. வீட்டில் இருக்கும் ஒரே கருவி ஒரு போன் என்றால் எந்த வழியை எடுப்பது என்ற கணக்கே மாறிவிடும்.

கடைசியாக, தமிழ் மொழிமூலப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் பலத்தை அந்த வழி பயன்படுத்துகிறதா என்று பார்க்கிறேன். இதை யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் பெரிது.

## வழி 1: காது

நிறைய ஆங்கிலம் வாசித்து, கேட்டு, விடைகளில் எது காதுக்குச் சரியாகப் படுகிறதோ அதைத் தெரிவுசெய்வது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் இப்படித்தான் செய்கிறார்கள், யூரியூப்பில் அறிவுரை சொல்லும் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். செலவு குறைவு. போனில் கதை வாசிக்கலாம், செய்தி கேட்கலாம்.

ஆனால் பொறி வைக்கிறவர் காதை நம்பித்தான் பொறி வைக்கிறார். இந்த மாதிரியான ஒரு கேள்வியைப் பாருங்கள்: "த கொலெக்ஷன் ஒஃப் லெட்டர்ஸ் ஃப்ரொம் த ஐலண்ட்ஸ் ____ இன் எ மியூசியம்." விடைகள்: 'ஆர் கெப்ட்', 'வேர் கெப்ட்', 'ஹேவ் பீன் கெப்ட்', 'இஸ் கெப்ட்'. வெற்றிடத்துக்குப் பக்கத்தில் 'ஐலண்ட்ஸ்' நிற்கிறது, அதற்கு முன் 'லெட்டர்ஸ்'. இரண்டும் பன்மை. காது 'ஆர்' என்று சொல்லும். எழுவாயோ தூரத்தில் இருக்கும் 'கொலெக்ஷன்', ஒருமை. விடை 'இஸ் கெப்ட்'.

நம் பிள்ளைகள் இதில் விழுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தமிழில் "தீவுகளிலிருந்து வந்த கடிதங்களின் தொகுப்பு" என்று விவரமெல்லாம் முன்னே வந்து, எழுவாய் கடைசியில், வினைப்பக்கம் நெருங்கி நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாய் முன்னே போய்விடும், வினைக்குப் பக்கத்தில் நிற்பது வேறு பெயர். அடுத்தது, பேச்சில் நாங்கள் "மாடுகள் வந்தது" என்றுதான் சொல்கிறோம். "வந்தன" எழுத்தில்தான். அஃறிணையில் ஒருமை பன்மை பார்த்து வினையை மாற்றும் பழக்கம் நம் காதுக்கே கிடையாது. இல்லாத பழக்கத்தை ஆறு மாதத்தில் கதைப்புத்தகம் வாசித்து உண்டாக்க முடியாது.

இதன் மறைவான செலவு, முன்னேறுகிறோமா இல்லையா என்றே தெரியாமல் மாதங்கள் போவது. பிழைத்த கேள்வியைத் திருப்பிப் பார்த்தாலும் "அப்படிப் பட்டது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

ஒன்பதாம், பத்தாம் தரத்தில் இருக்கும் பிள்ளைக்கு இந்த வழி நல்லது. அவர்களிடம் ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பகுதியின் மற்ற முக்கால் பங்கும் வாசித்து விளங்கும் கேள்விகள் என்பதால், யாராக இருந்தாலும் வாசிப்பை விட்டுவிடாதீர்கள். இலக்கணத்துக்கு அதையே ஒரே ஆயுதமாக நம்ப வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

## வழி 2: இலக்கணப் புத்தகம்

அலுமாரியில் ஏற்கெனவே ஒரு தடித்த புத்தகம் இருக்கும், அண்ணாவோ அக்காவோ படித்தது. அதை முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினால் ஒழுங்காகப் படிக்கிறோம் என்ற நிம்மதி கிடைக்கும். போனும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். துணுக்காய், நெடுங்கேணி உள்பக்கக் கிராமங்களில் இது சிறிய விசயம் இல்லை.

ஆனால் மேலே சொன்னபடி, அந்தப் புத்தகத்தில் பெரும்பங்கு பரீட்சையில் வராதது. வருகிறவற்றில் முக்கியமான அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, கோடு ஆகியவை பல புத்தகங்களில் கடைசி இரண்டு பக்கத்தில்தான் இருக்கும். பிள்ளை அங்கே போய்ச் சேருவதற்குள் ஓகஸ்ட் வந்துவிடும்.

ஓ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் மாதங்களுக்கு இது பொருந்தும். வாக்கியத்தில் வினை எது என்றே அடையாளம் காணத் தடுமாறும் பிள்ளைக்கும் இதுதான் தொடக்கம். அந்த அடித்தளம் இல்லாமல் அடுத்த வழிக்குப் போனால் விளக்கங்களே விளங்காது.

## வழி 3: வினா வங்கியும் பிழைக் கொப்பியும்

பரீட்சையை நடத்தும் கொலேஜ் போர்ட் தன் பழைய கேள்விகளை இணையத்தில் ஒரு வினா வங்கியாக இலவசமாகப் போட்டிருக்கிறது. இலக்கணத்தை மட்டும் தெரிவுசெய்யலாம், அதற்குள் வாக்கிய எல்லை பற்றிய கேள்விகளை மட்டும் தெரிவுசெய்யலாம், இலகு, நடுத்தரம், கடினம் என்றும் பிரிக்கலாம். விளக்கத்தோடு பி.டி.எஃப். ஆக இறக்கி, கொமினிக்கேசன் கடையில் பிரதி எடுத்துவிட்டால் அதன்பிறகு இணையமே தேவையில்லை. புளூபுக்கில் உள்ள மாதிரிப் பரீட்சைகளில் இருக்கும் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இறக்கும் வசதியும் உண்டு. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். முழுப் பரீட்சைகள் கொஞ்சம்தான், அவற்றின் கேள்விகளை முன்கூட்டியே பார்த்துக் கெடுத்துவிடக் கூடாது.

இந்த வழியில் விதிகளைக் கேள்விகளிலிருந்துதான் படிக்கிறீர்கள். விதிகள் குறைவு என்பதால் சில வாரங்களில் ஒரே பொறி வேறு வேறு உடுப்போடு வருவது கண்ணில் படத் தொடங்கும்.

தமிழ் மொழிமூலப் பிள்ளையின் பலம் வெளிவருவதும் இங்கேதான். தமிழ்ப் பாடத்தில் முற்று, எச்சம் படித்திருக்கிறீர்கள். "மழை பெய்து, குளம் நிரம்பி, வான் பாய்ந்தது." இதில் முற்று ஒன்றுதான், 'பாய்ந்தது'. 'பெய்து', 'நிரம்பி' இரண்டும் எச்சம். எச்சத்தோடு வாக்கியத்தை முடிக்க முடியாது என்று உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இப்போது இதைப் பாருங்கள்: "த டேங்க், ரீபில்ட் பை என்ஜினியர்ஸ், ____ வோட்டர் டு த ஃபீல்ட்ஸ்." விடைகள்: 'சப்ளையிங்', 'ஹாவிங் சப்ளைட்', 'டு சப்ளை', 'சப்ளைஸ்'. காற்புள்ளிகளுக்கு இடையில் இருப்பதைக் கையால் மறைத்துவிட்டு, குளத்துக்கு முற்று எங்கே என்று கேளுங்கள். முதல் மூன்றும் எச்சத்தின் வேலை செய்பவை. முற்று 'சப்ளைஸ்' மட்டும். ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளை இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டாது. உங்களிடம் அந்தக் கத்தி தீட்டியே இருக்கிறது.

வாக்கிய எல்லைக் கேள்விகளும் இதிலிருந்துதான் அவிழும். "மழை விட்டது, விவசாயிகள் வயலுக்குப் போனார்கள்" என்று தமிழில் காற்புள்ளி போட்டு எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலப் பரீட்சையில் அது பிழை. இரண்டு பக்கமும் எழுவாயும் முற்றும் இருந்து, தனியே நிற்கக்கூடிய வாக்கியமாக இருந்தால் தனிக் காற்புள்ளி போதாது. முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, சில இடங்களில் முக்காற்புள்ளி அல்லது கோடு, அல்லது காற்புள்ளியோடு 'அன்ட்', 'பட்', 'சோ' போன்ற இணைப்புச் சொல் வேண்டும். வெற்றிடத்துக்கு இரண்டு பக்கமும் முற்றை எண்ணுங்கள். முன்னே ஒன்று, பின்னே ஒன்று இருந்து, எந்தப் பக்கமும் 'ஆல்தோ', 'வென்', 'விச்' போன்ற சார்புச் சொல்லோடு தொடங்கவில்லை என்றால், தனிக் காற்புள்ளி உள்ள விடையைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். முற்றுப்புள்ளி ஒரு விடையிலும் அரைப்புள்ளி இன்னொரு விடையிலும் இருந்து, வேறு வித்தியாசமே இல்லை என்றால், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சரியான விடை ஒன்றுதான் என்பதால் இரண்டையும் விடலாம்.

விதிக்கும் கட்டுப்படாத சில கேள்விகள் இருக்கின்றன. 'ஹவ்எவர்' முன் வாக்கியத்தின் வாலில் ஒட்டுமா, பின் வாக்கியத்தின் தலையில் ஒட்டுமா என்பது அதில் ஒன்று. அரைப்புள்ளி இரண்டு இடத்திலும் இலக்கணப்படி சரிதான். முரண் எந்த இரண்டு கருத்துக்கு இடையில் என்று பொருளைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். முன் வாக்கியம் அதற்கும் முந்திய வாக்கியத்தோடு முரண்பட்டால் சொல் அதன் வாலோடு போகும். இந்த வகைக்கு நேரம் எடுங்கள், அவசரப்பட வேண்டாம்.

பிழைக் கொப்பி எழுதாவிட்டால் இந்த வழிக்குப் பாதிப் பலன்தான். பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் விடையை மட்டும் எழுதி வைக்காதீர்கள். எந்த விதியைக் கேட்டார்கள், நான் தெரிவுசெய்த விடை ஏன் என்னை இழுத்தது, எந்தச் சொல் ஏமாற்றியது என்று தமிழிலேயே எழுதுங்கள். 'ஐலண்ட்ஸ் பக்கத்தில் நின்றதால் பன்மை என்று நினைத்தேன்' என்று எழுதிய பிள்ளை அடுத்தமுறை வெற்றிடத்துக்குப் பக்கத்துச் சொல்லைச் சந்தேகிக்கும்.

மறைவான செலவு இதிலும் உண்டு. விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், சில நீளமானவை. முதல் இரண்டு மூன்று வாரம் பக்கத்தில் ஒருவர் இருந்து விளக்கினால் நல்லது. பிரதிக் காசும் சேர்ந்துவிடும், ஆகவே கடினக் கேள்விகளை மட்டும் அச்சிட்டு மற்றவற்றைப் போனிலேயே பாருங்கள். தனியே உட்கார்ந்து தன்னைத் தானே திருத்தும் பொறுமை இல்லாத பிள்ளைக்கு இது ஒத்துவராது. அது குறையல்ல, சுபாவம்.

## வழி 4: வகுப்பும் தனி ஆசிரியரும்

வன்னியில் ஏ.எல். பாடங்களுக்கு ரியூசன் தாராளம். எஸ்.ஏ.ரி. எடுக்கும் ஆசிரியரைக் கண்டுபிடிப்பது கடினம். கிடைப்பது பெரும்பாலும் சூம் வகுப்பு, கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ. கட்டணம் டொலரில் என்றால் வீட்டுக் கணக்கை அது ஆட்டிவிடும். அதோடு டேட்டா, மாலை நேரத்துச் சிக்னல், ஏ.எல். ரியூசனோடு நேரம் மோதுவது.

ரொறன்ரோவில், லண்டனில் இருக்கும் மச்சான், மச்சாளிடம் கேட்பது இன்னொரு வழக்கம். பாசத்தோடு உதவுவார்கள். ஆனால் அங்கே வளர்ந்தவர்கள் காதால் செய்பவர்கள். "அப்படித்தான் வரும்" என்பார்கள், ஏன் என்று கேட்டால் திணறுவார்கள். கட்டுரை திருத்தவும் விண்ணப்பத்துக்கும் அவர்களைக் கேளுங்கள், அங்கே அவர்கள் பொன்.

ஆசிரியரைத் தெரிவுசெய்ய ஒரு சோதனை போதும். கடினமான ஒரு கேள்வியைக் கொடுத்து, மற்ற மூன்று விடையும் ஏன் பிழை என்று கேளுங்கள். மூன்றுக்கும் காரணம் சொல்பவரிடம் பணம் கொடுக்கலாம். குறுக்குவழி மட்டும் சொல்பவரிடம் வேண்டாம்.

என்னைக் கேட்டால், மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்து, உங்கள் பள்ளிக்கூடத்தில் பொது ஆங்கிலம் படிப்பிக்கும் ரீச்சரிடம் வினா வங்கித் தாள்களைக் கொண்டுபோய் வாரத்தில் ஒருநாள் இருப்பதுதான் இந்த வழியின் மிகச் சிறந்த வடிவம். அவருக்கு எஸ்.ஏ.ரி. தெரிந்திருக்க வேண்டியதில்லை. இலக்கணம் தெரியும், தமிழில் விளக்குவார்.

## எந்தக் கேள்விக்கு எது கைகொடுக்கும்

| கேள்வி வகை | காது | விதி |
|---|---|---|
| எழுவாய், பயனிலை எண் | ஏமாற்றும் | எழுவாயைத் தேடினால் முடிந்தது |
| முற்றா எச்சமா | நீண்ட வாக்கியத்தில் தடுமாறும் | தமிழ் இலக்கணமே போதும் |
| காற்புள்ளி, அரைப்புள்ளி | உதவாது, குறிக்கு ஓசையில்லை | முற்றை எண்ணுங்கள் |
| நடுவில் செருகிய தகவல் | ஓரளவு | கோட்டில் தொடங்கினால் கோட்டில், காற்புள்ளியில் தொடங்கினால் காற்புள்ளியில் முடியும் |
| வினையின் காலம் | வாசித்த பிள்ளைக்கு உதவும் | பந்தியின் மற்ற வினைகளைப் பார்க்க வேண்டும் |
| உடைமைக் குறி | உதவாது, ஒருமையும் பன்மையும் ஒரே ஓசை | யாருடையது, எத்தனை பேர் என்று கேளுங்கள் |

## உங்கள் நிலைமைக்கு

ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் வாசிப்பைப் பெரிதாக வைத்து, புத்தகத்தில் வினை, எழுவாய், வாக்கிய வகை அத்தியாயங்களை மட்டும் முடியுங்கள். ஆறேழு மாதம் என்றால் நேரே வினா வங்கிக்குப் போங்கள். இரண்டு மாதம்தான் என்றால் வாக்கிய எல்லையையும் எழுவாய்–பயனிலையையும் மட்டும் பிடியுங்கள். அதோடு ஏ.எல். நெருங்கிவிட்டதென்றால், விண்ணப்பத்தை ஒரு வருடம் தள்ளிப்போடலாமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களுக்கு இங்குள்ள பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடும் பின்தங்கிய மாவட்டச் சலுகையும் இருக்கின்றன. அமெரிக்க ஆசைக்காக, ஏ.எல். பெறுபேற்றிலிருந்து அந்த அனுமதிக்காகக் கணக்கிடும் இசட் புள்ளியை இழப்பது பெரிய நட்டம். மறுபக்கம், எம்.ஐ.ரி., ஹார்வர்ட் போன்ற சில இடங்கள் வெளிநாட்டுப் பிள்ளையின் பணவசதியைப் பாராமல் தெரிவுசெய்து, தேவையான உதவி முழுவதையும் தருகின்றன. எம்.ஐ.ரி. 2022இலும் ஹார்வர்ட் 2024இலும் பரீட்சைப் புள்ளியை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன. அப்படியான இடத்தைக் குறிவைக்கும் பிள்ளைக்கு இந்த உழைப்பு வீண்போகாது.

எந்த வழியை எடுத்தாலும், கடைசி ஒரு மாதத்துக்குள் கணினி ஒன்றைக் கடன் வாங்கி புளூபுக்கில் ஒரு முழுப் பரீட்சையாவது எழுதிப் பாருங்கள். 27 கேள்விக்கு 32 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 71 விநாடி. விதி கைவந்த பிள்ளைக்கு இலக்கணக் கேள்வி அதில் பாதி நேரத்தில் முடியும், மிச்சம் வாசிப்புக் கேள்விகளுக்குப் போகும். ஒரு கூறுக்குள் முன்னும் பின்னும் போகலாம். இலக்கணம் எப்போதும் வாசிப்புக் கேள்விகளுக்குப் பின்னால்தான் வரும். வாசிப்பில் மெதுவான பிள்ளைகள் நேரே இலக்கணத்துக்குப் போய் அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டுத் திரும்பி வரலாம், நான் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கடன் வாங்கிய பழைய லப்டொப் என்றால் பற்றரி மூன்று மணித்தியாலம் தாங்குகிறதா என்றும் அந்த ஒத்திகையிலேயே பாருங்கள். பரீட்சை மண்டபத்தில் ஒவ்வொரு மேசைக்கும் பிளக் இருக்கும் என்று நம்ப முடியாது.